அக்டோபரில் கண்மாய் காய்ந்து கிடந்தால் பறவைகளை எங்கே பார்ப்பது?

கேள்வி: வலசைக் காலம் ஆயிற்றே என்று அக்டோபர் முதல் வாரம் மதுரையிலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். கண்மாய் கட்டாந்தரையாகக் கிடந்தது, ஏமாற்றத்தோடு திரும்பினேன். மறுபடி வர ஒரே ஒரு காலைதான் கிடைக்கும். எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம்?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் சரிதான், இடம்தான் மாறிவிட்டது. ராமநாதபுரத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. மழை பிடித்து, நீர் வந்து நிறைய நவம்பர் கடைசி ஆகிவிடும். வடக்கிலிருந்து கிளம்பிய பறவைகளோ செப்டம்பரிலேயே வரத் தொடங்கிவிடும். அவற்றில் பலவும் கண்மாய்த் தண்ணீருக்காக வருவதில்லை. புழுதிக்காட்டுக்கும் அதிலுள்ள வெட்டுக்கிளிக்கும் புழு பூச்சிக்கும்தான் வருகின்றன.

அதனால் இந்த முறை தேவிபட்டினத்திலிருந்து உப்பூர் வழியாகத் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போங்கள். சாலைக்குக் கிழக்கே கடல், மேற்கே மானாவாரி நிலம். காலை வெயில் உங்கள் முதுகில் விழும், எதிரே வயலில் நிற்கும் பறவையின் நிறம் அப்படியே தெரியும். ஆறு மணி வாக்கில் விடியும். அதற்குக் கால் மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். புழுதி விதைப்பு நெல்லும், மிளகாய்க்கு உழுது போட்ட நிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரப்போடு நில்லுங்கள், விதைத்த மண்ணில் கால் வைக்க வேண்டாம்.

முதலில் பூனைப்பருந்தைத் தேடுங்கள். இவை இரவில் மரத்தில் அடைவதில்லை, புல்லுக்குள் தரையில்தான் தங்கும். வெளிச்சம் வந்ததும் எழுந்து, ஆள் உயரத்தில், இறக்கையை மேல்நோக்கி லேசாக வளைத்து, வயலை அளப்பதுபோல் போய்வரும். மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்து, நம் ஊர் வெட்டுக்கிளியைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இரண்டு வகை ஆண்கள் பார்க்க ஒன்றுபோல் சாம்பல் நிறம். இறக்கையின் குறுக்கே கறுப்புக் கோடு ஓடினால் மான்டேகு பூனைப்பருந்து. கோடு இல்லாமல் உடல் வெளிறி, இறக்கை நுனியில் மட்டும் ஆப்புபோல் கறுப்பு இருந்தால் வெளிறிய பூனைப்பருந்து. பெட்டைகளையும் இளசுகளையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே சிரமம். குறிப்பேட்டில் ‘பூனைப்பருந்து’ என்று மட்டும் எழுதுங்கள், அதில் தவறே இல்லை. தவறான பெயர் எழுதுவதுதான் பின்னால் பதிவுகளைக் கெடுக்கும்.

இவற்றுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். சீமைக்கருவேலம் மூடிப்போன இடத்தில் பூனைப்பருந்து தங்க வழியில்லை. புல் இருந்த ஒவ்வொரு தரிசும் முள்காடாகும்போது எனக்கு மனசு பதறுகிறது.

அப்புறம் உழுத மண்ணைப் பாருங்கள். சும்மா கிடக்கும் மண்கட்டி என்று நினைத்தது ஓடும். அது நெட்டைக்காலியாகவோ சாம்பல் தலை வானம்பாடியாகவோ இருக்கலாம். நாலடி ஓடி, நின்று, குனிந்து கொத்தினால் உப்புக்கொத்தி. முதுகில் பொன் புள்ளிகள் இருந்தால் அது சைபீரியாவின் தூந்திரப் பகுதியிலிருந்து வந்த பசிபிக் பொன் உப்புக்கொத்தி. அதன் வயிற்றில் சில சமயம் இனப்பெருக்கக் காலத்துக் கறுப்புத் திட்டு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மின்கம்பியில் தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வானத்தில் கரும்புகை சுருண்டதுபோல் ஒரு கூட்டம் திரும்பினால் அது சூறைக்குருவி.

நடந்துகொண்டே இருக்காதீர்கள். டிராக்டர் ஓடும் வயலையோ ஆட்டுக்கூட்டம் மேயும் தரிசையோ பார்த்து ஓரமாக உட்காருங்கள். மண் புரள்கிற இடத்துக்குப் பறவை தானாக வரும். ஆடு மேய்க்கும் கீதாரியிடம் பேச்சுக் கொடுங்கள், பருந்து எந்தப் பக்கம் இறங்கியது என்பது அவர் கண்ணில் பட்டிருக்கும்.

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் ஒன்று போதும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள், ஈசல் கிளம்பினால் எல்லாமே அங்கே கூடும். ஒன்பது மணிக்கு மேல் கானல் அலையும், நிறம் பிடிபடாது. அப்போது அதே கடற்கரையில் உள்ள காரங்காடு அலையாத்திக் காட்டுப் பக்கம் போய் நிழலில் கொக்கு பார்க்கலாம்.

சித்திரங்குடியை விட்டுவிடாதீர்கள். நல்ல மழை பெய்த வருடம் என்றால் ஜனவரியில் போங்கள். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும்.