தேதிக்கு வராதவர் எங்கே? அரசு மனநல சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்துச் சீட்டு எழுதுவது டாக்டர். அந்தச் சீட்டோடு போனவர் அடுத்த மாதம் வந்தாரா, மருந்து கையில் கிடைத்ததா, வீட்டில் அவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. டோஸைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டவர்கள் மட்டும் மன்னிக்கவும். அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி (ஒரு மகள், கள்ளக்குறிச்சி): அம்மாவுக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறதாம். ராத்திரி தூங்குவதே இல்லை. கீழ்ப்பாக்கத்துக்குத்தான் கூட்டிப் போக வேண்டுமா?

வேண்டாம். 1794-ல் தொடங்கிய மருத்துவமனை என்பதால் நம் ஊரில் மனநோய் என்றாலே கீழ்ப்பாக்கம் என்று பழகிவிட்டது. வேலூர்க்காரரும் நாகர்கோவில்காரரும் அங்கேயே போய் நின்ற காலம் உண்டு. அது சரிப்படாது என்றுதான் 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில், பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் சோதித்துப் பார்த்த முறையை வைத்து, 1996-ல் மாவட்டத் திட்டம் தொடங்கியது. இப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும். தாலுகா மருத்துவமனைகளுக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாட்களில் குழு வந்து போகும். உங்கள் பக்கம் என்றைக்கு வருவார்கள் என்று ஊர்ச் செவிலியரைக் கேளுங்கள். ராத்திரியில் பதற்றமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

முதல்முறை போகும்போது அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சுகர், பிரஷர் மாத்திரை உட்பட. இன்னொன்று, கூடவே இருந்து பார்ப்பவர் வர வேண்டும். வெளியூரிலிருந்து அன்று காலை வந்து இறங்கிய பெரியண்ணன்தான் பெரும்பாலும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசுவார். அம்மா எத்தனை மணிக்கு எழுந்து கதவைத் திறக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

கேள்வி (சமூகப் பணியில் முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இந்த வேலையில் சேரும் இளைஞர்): மேடம், ஒருங்கிணைப்பு, ஒருங்கிணைப்பு என்கிறார்கள். முதல் நாள் போய் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும்?

தம்பி, முதலில் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டி, மூன்று மாதமாக வராதவர்கள் பட்டியலை எடுங்கள். குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர், பதிவு உதவியாளர் என்று ஆளுக்கொரு பெயர்ப்பலகை இருக்கும். ‘வராதவரைத் தேடுவது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த வேலையை உங்கள் பெயரில் எழுதி வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் பதிவு இருக்கிறது, இருக்கட்டும். அதோடு ஒரு மரப்பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். 31 தடுப்புகள், நோயாளி ஒருவருக்கு ஒரு அட்டை. இன்று வந்தவர் அடுத்து 18-ஆம் தேதி வர வேண்டும் என்றால், அவர் அட்டை 18-ஆம் தடுப்புக்குப் போகும். 18-ஆம் தேதி வந்துவிட்டால் அங்கிருந்து எடுத்து அடுத்த தேதிக்கு மாற்றிவிடலாம். சாயங்காலம் ஓ.பி. முடிந்ததும் அந்தத் தடுப்பில் மிச்சம் கிடக்கும் அட்டைகள்தான் மறுநாள் காலை உங்களுக்கு வேலை. ஊசி போடுகிறவர்களின் அட்டை ஓரத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். புளூஃபெனசின், ஹாலோபெரிடால் போன்ற நாள்பட நிற்கும் ஊசியை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். ஊசி தவறியதும் நோய் உடனே திரும்பாது. சில வாரங்கள் நன்றாகவே இருப்பார், வீட்டில் ‘சரியாகிவிட்டது’ என்பார்கள். அதனால்தான் அந்த அட்டையை முதல் நாளே கையில் எடுக்க வேண்டும்.

அட்டையில் இரண்டு போன் நம்பர் வாங்குங்கள். சிம் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் நம்பரைத் தருவார்கள், அதை நோயாளி சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். அந்த நம்பருக்குப் பேசினாலும் ‘ஜி.எச்.-லிருந்து’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வீட்டுக்குப் போகும்போதும் ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வண்டியில் ‘மனநலம்’ என்று பெரிதாக எழுதியிருக்கும், தெருவே திண்ணைக்கு வந்துவிடும்.

வராததற்குக் காரணம் கேட்டால் முக்கால்வாசி நோயைப் பற்றியே இருக்காது. அன்று நூறு நாள் வேலை இருந்திருக்கும், நாற்று நடவு இருந்திருக்கும், கூட வர ஆள் இருந்திருக்காது. முகாம் நாளைச் சந்தை நாளோடு ஒட்டி வைத்துப் பாருங்கள், எப்படியும் டவுனுக்கு வருகிறவர் வந்துவிடுவார். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ரெஜிஸ்டரில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. பஸ் ஒத்துழைத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி (ஒரு அக்கா, மதுரை பக்கம்): தம்பி டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறான். சாம்பாரில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடலாமா?

பல வீடுகளில் நடப்பதுதான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் செய்யாதீர்கள். ஒருநாள் அவருக்குத் தெரிய வரும். அப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே தொட மாட்டார். ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்று சந்தேகப்படும் ஒருவருக்கு அதை நாமே நிரூபித்துக் காட்டியதுபோல் ஆகிவிடும். பக்கவிளைவு வந்தாலும், அது எதனால் என்று அவருக்கே தெரியாது.

நோய் என்ற பேச்சை எடுக்காமல், அவரே சங்கடப்படும் விஷயத்திலிருந்து ஆரம்பியுங்கள். தூக்கமில்லை, தலை கனக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை. ‘தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்’ என்றால் வருகிறவர்கள் உண்டு. வரவில்லையா, நீங்கள் மட்டும் ஓ.பி.-க்கு வந்து எங்களிடம் பேசுங்கள். செவிலியரோ நானோ வீட்டுக்கு வர வழியிருக்கிறதா என்று பார்ப்போம்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை என்றால் 108-ஐ அழையுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இதற்கு இடம் தருகிறது. அவசர நிலையில், பதிவு பெற்ற எந்த டாக்டரும் முதல் 72 மணி நேரத்துக்குச் சிகிச்சை தரலாம். அவர் சம்மதமில்லாமல் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் முடிவெடுக்க அவரே முன்கூட்டி எழுதி வைத்தவர், விண்ணப்பிக்க வேண்டும். யாரையும் நியமிக்காதவருக்கு உறவினரே பிரதிநிதி ஆகலாம். அந்தச் சேர்க்கை அதிகபட்சம் 30 நாள், அதன் பிறகு புதிதாகப் பரிசோதனை வேண்டும். வீட்டில் கட்டிப்போடக் கூடாது. சங்கிலி போடுவது எங்கேயும், எந்த நிலையிலும் கூடாது.

கேள்வி (ஒரு அப்பா, ஈரோடு): மகனுக்கு குளோசபைன் ஓடுகிறது. ஜி.எச்.-ல் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். ஒரு வாரம்தானே, விட்டுவிடலாமா ஐயா/அம்மா?

அம்மாதான். விடக் கூடாது. வேறு மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குத் தரும் மருந்து இது, மற்ற மருந்துகளைப்போல நினைத்துவிடாதீர்கள். குளோசபைன் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்ப ஆரம்பிக்க முடியாது, பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம், வலிப்பும் வரலாம். டாக்டர் மறுபடி மிகக் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். ஆகவே, ‘அடுத்த வாரம்’ என்று சொன்னால் ‘இது குளோசபைன்’ என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து எடுத்துத் தருவதோ, சில நாளுக்கு வெளியில் வாங்கச் சொல்வதோ எங்கள் பொறுப்பு. மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே போன் செய்தால் எங்களுக்கும் கை கொடுத்த மாதிரி இருக்கும்.

ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். முதல் 18 வாரம் வாராவாரம், பிறகு மாதாமாதம். வெள்ளையணு குறைகிறதா என்று பார்க்கத்தான் அது. இடையில் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் அன்றே ரத்தம் கொடுங்கள்.

ரத்தப் பரிசோதனை பற்றி, மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர்களும் கேட்டிருந்தார்கள். அளவு பார்க்கக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால், காலை மாத்திரையைப் போடாமல் 9 மணிக்கு லேப். சித்திரை வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு வலி என்று ஐபுபுரூஃபென் வாங்கிப் போடாதீர்கள், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர், ராமநாதபுரம்): எங்கள் வீட்டில் தர்காவை நம்புகிறார்கள். மருந்து என்றாலே சண்டை.

சண்டை வேண்டாம். இரண்டும் நடக்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் 28 மனநோயாளிகள் தீயில் இறந்தது தர்காவுக்குள் அல்ல, தனியார் நடத்திய கொட்டகையில். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அரசும் தர்காவும் நெருங்கி வந்தன. இன்று ஏர்வாடி தர்காவிலேயே மனநல சிகிச்சை கிடைக்கிறது. தொழுதுவிட்டு வந்து மாத்திரை வாங்கிப் போகலாம். தர்காவில் ஒரு பெரியவர் ‘மருந்தையும் சாப்பிடு’ என்று சொன்னால், நான் பத்து முறை சொல்வதைவிட அது எடுபடும். இதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

கேள்வி (ஒரு கடைக்காரர், திருவண்ணாமலை): பேருந்து நிலையத்தில் ஒருவர் பல நாளாகத் தனியே பேசிக்கொண்டு கிடக்கிறார். யாரிடம் சொல்வது?

காவல் நிலையத்தில் சொல்லுங்கள். இது அவர்கள் கடமை என்று அதே 2017 சட்டத்தின் 100-ஆவது பிரிவு சொல்கிறது. பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தையும் தேட வேண்டும். உங்கள் மாவட்டம் உட்படச் சில இடங்களில், வீடற்றவர்களுக்கென்றே அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் இருக்கிறது. அதுவரை ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், ஊர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். போலீஸுக்குச் சொல்லாத ஊர் பெயரை டீக்கடையில் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (ஒரு வார்டு செவிலியர்): நோய் தெளிந்துவிட்டது, டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள், கூட்டிப் போகத்தான் யாருமில்லை. என்ன செய்வீர்கள்?

டிஸ்சார்ஜ் அன்று தேட ஆரம்பித்தால் தாமதம்தான். சேர்ந்த முதல் வாரமே வீட்டோடு பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். வாரம் ஒருமுறை போனில் நோயாளியைப் பேசவையுங்கள், பேச்சு விட்டுப்போனால் இடமும் போய்விடும். பெரும்பாலும் தகராறு சொத்தில் இருக்கும், இல்லையென்றால் முன்பு நடந்த அடிதடியில் இருக்கும். பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அண்ணியிடம் பேசுங்கள். சோறு போடப்போவது அவர்தான், அவரிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியும் வீடு இல்லை என்றால், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கும் இடைநிலை இல்லம் பார்க்க வேண்டும். சென்னையில் 1993-ல் தொடங்கிய தி பான்யன் அமைப்பு, நான்கைந்து பேரைச் சேர்த்துச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது. அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். அரசு இதைப் பெரிய அளவில் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. வார்டில் வருடக்கணக்கில் வைத்திருப்பதற்குச் சிகிச்சை என்று பெயரில்லை.

கேள்வி (ஒரு மனைவி, தர்மபுரி): வீட்டுக்காரர் வேலைக்குத் திருப்பூர் போகிறார். மருந்து இங்கேதான் வாங்குகிறோம்.

போகட்டும், வேலை நல்லதுதான். கிளம்பும் முன் டாக்டரிடம் சுருக்கமாக ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். நோய், மருந்து, கடைசி ஊசித் தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். திருப்பூர் குழுவுக்கு நாங்களே போன் செய்துவிடுவோம். நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அவருக்கு பைபோலார், அதாவது மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய் என்றால், தூக்கம் கெட்டால் அது திரும்பலாம்.

கேள்வி (ஒரு தாய்): மகள் உயிரை விடப் பார்த்தாள். காப்பாற்றிவிட்டோம். போலீஸ் கேஸ் ஆகுமா?

மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும், பயப்படாதீர்கள். கடுமையான மன அழுத்தத்தில் செய்தது என்றே 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது. தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்கிறது. வீட்டுக்கு வந்தபின் வரும் வாரங்களில்தான் கவனம் அதிகம் தேவை. வீட்டில் பூச்சிமருந்து எதுவும் இருக்க வேண்டாம். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி உங்கள் கையில் வையுங்கள். ‘இப்போதும் அப்படித் தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் தனியே விடாமல் அன்றே கூட்டி வாருங்கள். மகள் முதல் சந்திப்புக்கு வரவில்லையென்றால் அன்று மாலையே உங்களுக்குப் போன் வரும்.

கேள்வி (பலர் கேட்டது): மாற்றுத்திறனாளி சான்று மனநோய்க்கும் உண்டா?

உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் மனநோயும் இருக்கிறது. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவக் குழு மதிப்பிட வேண்டும். தன்னைப் பராமரிப்பது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று கௌரவத்துக்காகச் சொல்லிவிட்டு, வெளியே வந்து சான்று கிடைக்கவில்லை என்று அழாதீர்கள். வீட்டில் உள்ளபடி சொல்லுங்கள். கார்டு இருந்தால் சாதாரண டவுன் பஸ்ஸில் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. பெண்களுக்கு அந்த பஸ்ஸில் ஏற்கெனவே டிக்கெட் இல்லை. முகாமுக்கு வரும் நாளில் அந்த பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.