ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க்குகள் இருந்தால் கிரப் எதை எடுக்கும்?

கேட்டவர் பழைய ஹார்டு டிஸ்க்கை டிடி கட்டளையால் அப்படியே புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்திருக்கிறார். இரண்டும் செருகியிருந்தால் உபுண்டு சில நாள் புதியதிலிருந்தும் சில நாள் பழையதிலிருந்தும் எழுகிறது. சரியான பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) எது என்று, இயங்குதளத்தை எழுப்பும் நிரலான கிரப் எப்படி முடிவு செய்கிறது என்பது அவர் கேள்வி.

எது சரி என்று கிரப்புக்குத் தெரியாது. நிறுவியபோது எழுதிவைத்த அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடுகிறது. பொருந்துவது கிடைத்ததும் நின்றுவிடுகிறது. கணினி எழுவதற்குள் இப்படி மூன்று தேடல்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றையும் செய்வது வேறொரு நிரல்.

முதல் தேடல் மதர்போர்டின் ஃபர்ம்வேர், அதாவது அதிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல், செய்வது. யுஇஎஃப்ஐ வகை ஃபர்ம்வேர் உள்ள கணினியில், ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள பார்ட்டிஷன் அடையாள எண்ணும் அதில் எந்தக் கோப்பை இயக்குவது என்பதும் ஃபர்ம்வேரின் நிலையான நினைவகத்தில் பதிவாகியிருக்கும். அதன்படி, எழுப்பும் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் திறந்து கிரப்பை இயக்கும்.

இரண்டாவதுதான் உங்கள் கேள்விக்குரியது. உபுண்டுவின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மூன்றே வரிகள் கொண்ட ஒரு கிரப் அமைப்புக் கோப்பு இருக்கிறது. முதல் வரி, இந்த யுயுஐடி கொண்ட பார்ட்டிஷனைத் தேடு என்கிறது. இரண்டாவது, அதில் கிரப்பின் அடைவு எங்கே என்று சொல்கிறது. மூன்றாவது, அங்கே உள்ள முழு அமைப்புக் கோப்பைப் படிக்கச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் மெனு அந்த முழுக் கோப்பிலிருந்து வருவது.

யுயுஐடி என்பது ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்பட்ட 16 பைட் எண். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனில் முதல் 1024 பைட்டைத் தாண்டினால் சூப்பர்பிளாக், அதாவது ஃபைல் சிஸ்டத்தின் விவரங்கள் இருக்கும் பகுதி. அதன் 104-ஆவது பைட்டிலிருந்து இந்த எண் தொடங்கும். கிரப் ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் திறந்து இதைப் படித்து ஒப்பிடுகிறது. எங்கே முதலில் பார்ப்பது என்று அந்த வரியில் ஒரு குறிப்பு இருந்தாலும், அது டிஸ்க் வரிசை எண்ணைத்தான் சொல்லும். அந்த வரிசை ஃபர்ம்வேர் கொடுப்பது. கேபிளை மாற்றினாலே மாறக்கூடியது. மாறாத அடையாளம் வேண்டும் என்பதற்காகவே யுயுஐடி வந்தது. டிடி பைட் பைட்டாக நகலெடுக்கும்போது அந்த 16 பைட்டும் சேர்ந்தே போகிறது. இப்போது உங்களிடம் இருப்பது ஒரே அடையாளம் கொண்ட இரண்டு பார்ட்டிஷன்கள். கிரப்பின் கண்ணில் எது முதலில் படுகிறதோ, அது.

மூன்றாவது தேடல், இயங்குதளத்தின் மைய நிரலான கர்னல் ஏறியபின் நடப்பது. ரூட் பார்ட்டிஷனின் (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன்) யுயுஐடியை கிரப் கர்னலிடம் கொடுக்கிறது. கர்னலுக்கு நேரடியாக ஃபைல் சிஸ்டம் யுயுஐடியைத் தேடத் தெரியாது. கர்னலோடு நினைவகத்தில் ஏறும் சிறு தற்காலிகக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் தேடிக் கொடுக்கிறது. கிரப் ஒரு டிஸ்க்கையும் இது இன்னொரு டிஸ்க்கையும் பிடிக்கலாம். கர்னலைப் புதுப்பித்த பிறகும் பழைய கர்னலே எழுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். எங்கே தவறுகிறது என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும்: மெனு வராமல் கிரப்பின் கட்டளை வரியிலேயே நின்றால் இரண்டாவது தேடல், யுயுஐடி இல்லை என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் விட்டால் மூன்றாவது.

பழைய டிஸ்க் இனித் தேவையில்லை என்றால் கழற்றிவிடுங்கள். அதையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், லைவ் யுஎஸ்பியில் எழுப்பி, மவுண்ட் செய்யாத நிலையில் பழைய டிஸ்க்கின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு டியூன்2எஃப்எஸ் கட்டளையால் புதிய யுயுஐடி கொடுங்கள். முன்னதாக ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் இ2எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டச் சொன்னால் ஓட்டுங்கள். புதிய எஸ்எஸ்டியைத் தொடாதீர்கள்: கிரப் கோப்பு, எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பு எல்லாம் பழைய எண்ணையே சுட்டுகின்றன, அந்த எண் அதில் இருந்தாக வேண்டும். ஜிபிடி அடையாளங்களும் நகலாகியிருக்கும். பழைய டிஸ்க்கில் எஸ்ஜிடிஸ்க் கட்டளை மூலம் அவற்றையும் மாற்றுங்கள். அதன் இஎஃப்ஐ பார்ட்டிஷனை அழித்துவிடுவது இன்னும் நல்லது. எந்த டிஸ்க் எது என்பதை அளவையும் மாடல் பெயரையும் பார்த்து உறுதி செய்த பிறகே கட்டளையைத் தட்டுங்கள். முடித்ததும், பார்ட்டிஷன்களின் யுயுஐடிகளைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஒரே யுயுஐடி இரண்டு வரிகளில் வரக்கூடாது.