தூளி இறுகினால் என்ன செய்வது?

டாக்டரம்மா, எனக்கு 27 வயசுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கறேன். கல்யாணமாகி ஒண்ணே முக்கால் வருசம். இன்னும் எங்களுக்குள்ள உறவு நடக்கலீங்க. அவரு கிட்ட வந்தாலே தொடை ரெண்டும் தானா ஒட்டிக்குது. மீறிப் பார்த்தா மொளகாய் தேச்ச மாதிரி எரியுது. உள்ள செவுரு இருக்கற மாதிரி இருக்குதுன்னு அவரும் சொல்றாரு. ஒரு டாக்டர்கிட்டப் போனோம். பரிசோதனை பண்ண விடாம இடுப்பைத் தூக்கிட்டேன்னு திட்டி அனுப்பிட்டாங்க. மாமியார் மாசாமாசம், "தலைக்கு ஊத்திட்டியா கண்ணு"ன்னு கேக்கறாங்க. எனக்குப் பாதை சின்னதா? ஆபரேசன் பண்ணணுமா? அவர் மேல எனக்கு ஆசை இருக்குதுங்க.
_பெயர் வேண்டாம், திருப்பூர்_

உங்கள் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன், அம்மிணி. ஆசை இருக்கிறது, உடம்பு மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது வெஜைனிஸ்மஸாகத்தான் தெரிகிறது, அதாவது யோனி வாசல் தசை தானாக இறுகிக்கொள்வது. பாதை சின்னதாக இருப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை, தூளி கட்டினதுபோல ஒரு தசைக்கூட்டம் இருக்கிறது. ஒன்றுக்கு, இரண்டுக்கு அடக்குவது இதை வைத்துத்தான். யோனி வாசலைச் சுற்றியிருப்பதும் இதுதான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வரும்போது இமை மூடிக்கொள்கிறதே, மூடு என்று நீங்களா சொன்னீங்க? அதே மாதிரி இந்தத் தூளியும் உங்களைக் கேட்காமல் இறுகுகிறது. இறுகின இடத்தில் தள்ளினால் எரியும். எரிந்ததை உடம்பு மறக்காது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் இறுகும். உங்கள் கணவர் சொல்லும் செவுரு அதுதான்.

காரணம் ஆளுக்கு ஆள் மாறும். கல்யாணத்துக்கு முன்னாடி யாரோ சொன்ன ரத்தக் கதை, எப்போதோ வந்த புண், விருப்பமில்லாமல் யாராவது தொட்ட நினைவு. சிலருக்குத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. ரத்தக் கதை பற்றி ஒரு வார்த்தை: கன்னிச்சவ்வு என்பது கிழித்துத் திறக்கிற மூடி இல்லை. வாசல் ஓரத்தில் இருக்கும் நெகிழ்வான மடிப்பு, அவ்வளவுதான்.

உங்களைத் திட்டின டாக்டர்மேல் எனக்கும் கோபம் வந்தது. ஆனால் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நானும், "லூஸா விடும்மா, எத்தனை பேர் காத்திருக்காங்க" என்று ஒரு பொண்ணை அதட்டியிருக்கிறேன். அவள் கட்டில் கம்பியை எப்படிப் பிடித்திருந்தாள் என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இப்போதெல்லாம் முதல் நாள் பரிசோதனை மேசைப் பக்கமே போவதில்லை, பேச்சு மட்டும்தான். அடுத்த முறை வெளிப்பக்கம் மட்டும் பார்ப்பேன். அவர்கள் கையிலும் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுவேன். தொற்றோ, தொட்டாலே வலிக்கும் இடமோ இருந்தால் அதற்கு வேறு வைத்தியம். "நிறுத்துங்க" என்றால் நிறுத்துகிற டாக்டரிடம் போங்கள்.

ஆபரேசன் வேண்டாம். 1862இல் மேரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் வெஜைனிஸ்மஸ் என்ற பெயரில் கட்டுரை எழுதினார். அவர் கத்தியைத்தான் நம்பினார். இன்றைய வைத்தியம் தசைக்குப் பாடம் சொல்வது.

முதல் காரியம், கொஞ்ச நாளைக்கு உறவு முயற்சியை நிறுத்திவிடுங்கள். கட்டிப்பிடிக்கலாம், கொஞ்சலாம், "அது" மட்டும் இல்லை என்று இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பயம் அங்கேயே இறங்கும். அப்புறம் மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்து மூச்சை இழுங்கள். வயிறு மேலே வரும்போது அந்தத் தூளி கீழே தளருவது மெல்லப் பிடிபடும். ஒன்றுக்கு அடக்குவதுபோல் ஒரு நொடி இறுக்கி, மெதுவாக விடுங்கள். விடுவதுதான் நமக்கு முக்கியம். நாள் முழுக்க இறுக்கி இறுக்கிப் பயிற்சி செய்தால் உங்களுக்கு எதிர்ப்பலன்தான்.

தளர்வது பழகினபின் சுத்தமான சுண்டுவிரல் நுனி, உங்கள் விரல்தான். அதன்பின் டைலேட்டர். சுண்டுவிரல் அளவிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் வழவழப்பான குழல்கள் அவை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஓர் அளவு சங்கடமில்லாமல் பழகின பிறகே அடுத்தது. காங்கயம் பக்கத்தில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், ஆனால் எண்ணெய் பட்டால் ஆணுறை ரப்பர் இற்றுவிடும். மெடிக்கலில் தண்ணீர் சேர்ந்த ஜெல் கேளுங்கள். இடுப்புத்தளத் தசைக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் வேலை சுலபம், கோயமுத்தூரில் விசாரியுங்கள். பயம் ஆழமாக இருந்தால் மனநல ஆலோசனையும் சேர வேண்டும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இதற்கெல்லாம் அசையாத சிலருக்கு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடுவதும் உண்டு.

மாமியாருக்கு என்ன சொல்வது? "டாக்டரைப் பார்த்துட்டு இருக்கறோம் அத்தை" என்று உங்கள் கணவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதற்குமேல் விவரம் யாருக்கும் தேவையில்லை. இந்த இறுக்கத்தால் கர்ப்பப்பைக்கோ கருமுட்டைக்கோ ஒரு கெடுதலும் இல்லை.

கல்யாணமாகி ஆறு மாசம். மனைவி வலிக்குதுன்னு தள்ளிவிடறா. நடிக்கறாளோன்னு சந்தேகம். கொஞ்சம் பிராந்தி கொடுத்துப் பாருன்னு சிநேகிதன் சொல்றான்.
_ஒரு வாசகர், கோபி_

பிராந்தியும் வேண்டாம், அந்த சிநேகிதன் யோசனையும் வேண்டாம். போதையில் சம்மதம் கேட்பதே தப்பு, வலியும் நாளைக்கு அப்படியேதான் இருக்கும். அவர் நடிக்கவில்லைங்க தம்பி, மேலே திருப்பூர் அம்மிணிக்கு எழுதினதைப் படியுங்கள். அவரை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது வெளியே பைக்கில் உட்கார்ந்து போனை நோண்டாமல், அவருக்குச் சம்மதம் என்றால் கூடவே உள்ளே போங்கள்.