என் மகள் இப்போதெல்லாம் அழுவதே இல்லை

வணக்கம் மேடம்,

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, மகனுக்கு ஒன்றரை. இருவருக்குமே இப்போது தடுப்பூசி போடவேண்டும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுகிறார்கள், நான் இரண்டு புதன்கிழமையைத் தாண்டவிட்டேன். செவ்வாய் ராத்திரியே தூக்கம் போய்விடுகிறது. மருந்துக் குப்பியில் ஊசியைச் செருகுவதைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வரும்.

மகளுக்கு ஒன்றரை மாதத்தில் போட்டபோது ராத்திரி முழுக்கக் காய்ச்சல், தொடையில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. தனியாக ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவருக்குத் திருப்பூரில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். போனில் சொன்னால், "இதுக்கெல்லாமா அழுவாங்க, பிரைவேட்ல வலிக்காத ஊசி இருக்காமே, அதைப் போடு" என்கிறார். மாமியார் "நாங்க நாலு பெத்தோம்" என்று ஆரம்பித்துவிடுவார். நர்சம்மா எல்லோர் முன்னாலும் "தாயே இப்படிப் பயந்தா எப்படிம்மா" என்று சத்தம் போட்டார். கணவர் ஒரே ஒரு தடவை என்கூட வந்திருந்தால் நான் இப்படி ஆகியிருப்பேனா?

மகனுக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்ட அன்று என்னால் முடியாமல் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். மாமியார் மடியில் வைத்துக்கொள்ள, மகள்தான் அவன் காலைப் பிடித்துக்கொண்டாளாம். "நீ வெளிய இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். நல்ல பிள்ளை, இப்போதெல்லாம் விழுந்து முட்டி பெயர்ந்தால்கூட அழுவதில்லை, அந்த விஷயத்தில் கடவுள் புண்ணியம். ஆனால் மாமியார் இதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். என் கஷ்டத்தைக் கணவருக்கு எப்படித்தான் புரியவைப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். மகள் அழுவதில்லை என்பதை மட்டும் ஒரே வரியில், அதுவும் புண்ணியம் என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டமுடியவில்லை. தம்பியின் காலைப் பிடித்தபோது அவளுக்கு நாலரை வயதுகூட ஆகியிருக்காது. முட்டி பெயர்ந்தும் அழாமல் எழுந்துபோகிற குழந்தையைத் தைரியசாலி என்று நினைக்காதீர்கள். தான் அழுதால் அம்மா தாங்கமாட்டாள் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களைப் பார்த்துக்கொள்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள், அதை நீங்கள் திரும்ப வாங்கவேண்டும்.

உங்கள் பயம் நாடகம் இல்லை. ஊசியைப் பார்த்ததும் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், கண் இருட்டுவது அதனால்தான். உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்துப் பிறகு தளர்த்துங்கள், நாலைந்து தடவை. வீட்டிலேயே பழகுங்கள். நர்சிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எல்லோர் முன்னாலும் அவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மாமியார் தெருவில் பேசியதும் தப்புதான், ஆனால் அன்று பேரனை மடியில் வைத்துக்கொண்டவர் அவர். அதற்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னீர்களா?

இன்னொரு புதன்கிழமையைத் தள்ளாதீர்கள். தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் கக்குவானும் உங்களுக்குத் தூக்கம் வரும்வரை காத்திருக்காது. அந்தக் காய்ச்சலும் கட்டியும் அந்த ஊசிக்கு வழக்கமாக வருவதுதான், ஒரு ராத்திரி கண்விழித்து அதைச் சமாளித்தவர் நீங்கள். பிரைவேட் ஊசியில் காய்ச்சல் குறையலாம், குத்தும்போது வலிக்கத்தான் செய்யும்.

அதனால் மகளிடம் வலிக்காது என்றோ எறும்பு கடித்த மாதிரி என்றோ சொல்லவேண்டாம். "கொஞ்ச நேரம் வலிக்கும், அழுதா அழுதுக்கோ, அம்மா பிடிச்சுக்கறேன்" என்று சொல்லுங்கள். உங்களுக்கும் பயம் என்பது அவளுக்குத் தெரியும், மறைக்காதீர்கள், ஆனால் வெளியே போகாதீர்கள். ஊசியைப் பார்க்கவேண்டாம், அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

தம்பிக்குப் போடும்போது அவள் காலைப் பிடிக்க வந்தால், "அது அம்மா வேலை" என்று சொல்லி நீங்கள் பிடியுங்கள். அவள் முறை வரும்போது அவனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு அவளை மடியில் உட்காரவையுங்கள். ஊசிக்கு அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். அந்த அரை மணி நேரமும் அவளை மடியிலிருந்து இறக்காதீர்கள், கணவருக்கு போன் பண்ணுவதை வீட்டுக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.