வாசகர் கேள்வி-பதில்: தில்லையில் தரிசனம், பிச்சாவரத்தில் படகு, கரையில் சாப்பாடு

டெல்டா மாவட்டங்களில் படகுச் சுற்றுலா பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். பாதிக்கு மேல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கடலோரச் சேற்றில் வளர்ந்த அலையாத்திக் காடான பிச்சாவரத்தைப் பற்றியவை.

கேள்வி: வெளிநாட்டுப் பழைய நகரங்களில் ஆற்றில் படகு விடுகிறார்கள். வழிகாட்டி கதை சொல்ல, மதியச் சாப்பாடும் படகிலேயே கிடைக்கிறது. நம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஏன் இல்லை? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: நம் ஆறுகளில் அதற்கு வேண்டிய தண்ணீர் ஆண்டு முழுக்க நிற்பதில்லை. வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். இடைப்பட்ட மாதங்களிலும் தண்ணீர் பாசனத்துக்கு முறை வைத்து விடப்படுவதால் இன்று கரை தொட்டு ஓடும் ஆறு அடுத்த வாரம் முழங்கால் அளவுக்கு இறங்கிவிடும். வழியெங்கும் மதகுகள், ஷட்டர்கள், தாழ்வான பாலங்கள் வேறு. கூரை போட்ட படகு ஒரு பாலத்தைத் தாண்டினால் அடுத்ததில் முட்டும். கோடையில் வெறும் மணல்தான். அதனால் டெல்டாவில் படகு என்றால் ஆறு கடலைத் தொடும் ஓரத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே நீரைக் கொண்டுவருவது அணை அல்ல, கடல். பழைய நகரமும் படகும் அரை மணி தூரத்துக்குள் அமைந்திருப்பது சிதம்பரத்தில்தான்.

கேள்வி: நாங்கள் பதினாறு பேர். நான்கு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரே நாளில் நடராஜர் தரிசனம், பிச்சாவரம் படகு, நல்ல மதியச் சாப்பாடு மூன்றும் முடியுமா? எதை முதலில் வைப்பது? (கும்பகோணம் வாசகி)

பதில்: தாராளமாக முடியும். எது முதலில் என்பதைக் கோயில் நடையும் கடல் ஏற்றமும்தான் சொல்லவேண்டும். சாப்பாடு அவற்றுக்குப் பின்னால் வரட்டும். பெரும்பாலானவர்கள் சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கோயிலையும் படகையும் திணிக்கிறார்கள். அங்கேதான் நாள் கெடுகிறது.

நடராஜர் கோயில் பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மாலை 5 மணி வாக்கில்தான் திறக்கும். பிச்சாவரத்தில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன மாதம் போய் வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. முதல் நாள் மாலையே படகுத்துறைக்கு போன் செய்து, "நாளைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். கட்டணத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை.

காலை 9 முதல் 11-க்குள் ஏற்றம் என்றால் படகு முதலில். கும்பகோணத்திலிருந்து சிதம்பரத்துக்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்கு அரை மணி என்று கணக்கு வையுங்கள். விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால், சிதம்பரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குப் படகுத்துறையில் நிற்கலாம். பதினொன்றரைக்குள் கரையேறி, சாப்பிட்டு, பெரியவர்களைக் கொஞ்சம் படுக்கவைத்து, மாலை 5 மணிக்கு நடை திறந்ததும் தரிசனம்.

ஏற்றம் பிற்பகலில் வருகிறதென்றால் கோயில் முதலில். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் ஆடல்வல்லானையும், அதே வளாகத்தில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேவித்து, கோபுர வாசல்களில் செதுக்கியிருக்கும் 108 கரணங்களை (நடன நிலைகளை) நின்று பார்க்கவும் நேரமிருக்கும். பன்னிரண்டரைக்கு ஊருக்குள்ளேயே சாப்பிட்டு, இரண்டே காலுக்குப் படகு. நான்கு மணிக்கு மேல் நீண்ட சவாரியை நம்பிப் போகாதீர்கள்.

பதினாறு பேரும் ஒரே படகில் போக ஆசைப்படவேண்டாம். துடுப்புப் படகுக்கு நான்கு பேர், மோட்டார் படகுக்கு எட்டுப் பேர் என்று வைத்துத் திட்டமிடுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு நின்றுவிடும். சத்தத்தில் கொக்கும் நாரையும் முன்னாலேயே எழுந்து போய்விடும். மரங்கள் இரு பக்கமும் கவிந்து கூரை போட்ட சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். பிச்சாவரத்தின் அழகே அந்தச் சந்துகள்தான் என்பது எங்கள் கருத்து. ஆகவே நான்கு துடுப்புப் படகு, ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர், பக்கத்தில் திடமான ஓர் ஆள்.

ஏறும்போதுதான் ஆபத்து, போகும்போது இல்லை. படகின் விளிம்பில் கால் வைத்தால் அது சாயும். படகோட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுப்பலகையில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவர் ஏறவேண்டும். மிதவைச் சட்டையை எல்லாரும் போட்டு, கீழ்ப் பட்டையையும் மாட்டவேண்டும். அதை மாட்டாவிட்டால் தண்ணீரில் சட்டை மட்டும் மேலே கிளம்பும், ஆள் கீழே நழுவுவார்.

கேள்வி: சென்ற ஆண்டு போனோம். குறுகிய வாய்க்காலுக்குள் கூட்டிப்போகச் சொல்லியும் படகோட்டி பாதியிலேயே திருப்பிவிட்டார். இரண்டு இடத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஏமாற்றினார்களா? (சீர்காழி வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வற்றத்தில் மாட்டியிருக்கிறீர்கள். சந்து வாய்க்கால்கள் ஆழமில்லாதவை. இறங்குகிற தண்ணீரில் படகு தட்டினால் அடுத்த நிமிடம் இன்னும் கெட்டியாக உட்காரும். ஏறுகிற தண்ணீரில் தட்டினால் சற்றுக் காத்திருந்தாலே தானாகத் தூக்கிவிடும். ஏற்றம் உச்சிக்கு வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கும்போது படகு ஏறுவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

பஞ்சாங்கத்தையும் ஒரு முறை புரட்டுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக ஏறும், அதே அளவுக்கு வற்றவும் வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் மட்டு. நேரம் தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லாத நாட்கள் அவை. பௌர்ணமி ஏற்றத்தின் உச்சியில் இன்னொரு சங்கடம் உண்டு: தண்ணீர் உயர, கிளைக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி குறையும். குனிந்தே போகவேண்டி வரும். முதுகு வலிக்காரர்களுக்கு ஆகாது.

எந்த வழி, எத்தனை மணி, சந்துக்குள் நுழையுமா என்ற மூன்றையும் படகு ஏறும் முன்பே கரையில் பேசி முடித்துவிடுங்கள். நடுத் தண்ணீரில் பேச்சுவார்த்தை வேண்டாம்.

கேள்வி: கட்டுச்சாதம் கொண்டுபோய்ப் படகிலேயே சாப்பிடலாமா? பத்துப் பேருக்கு என்ன அளவு? போன முறை தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிட்டது. (மன்னார்குடி வாசகி)

பதில்: படகில் வேண்டாம். ஒருவர் பரிமாற எழுந்தாலே படகு ஆடும். காற்றில் ஓர் இலை பறந்தால் அது போய்ச் சிக்கும் இடம் சேற்றிலிருந்து நீட்டி நிற்கும் மூச்சு வேர்களுக்கு நடுவில்; யாராலும் எடுக்க முடியாது. படகில் தண்ணீர் மட்டும் போதும். சாப்பாடு கரையில் நிழலில்.

பத்துப் பேருக்குப் புளியோதரைக்கு 600 கிராம் அரிசி, தயிர்சாதத்துக்கு 500 கிராம் அரிசி. புளியோதரைக்கு இரண்டு பெரிய எலுமிச்சம்பழ அளவு புளி, 150 மில்லி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிடுங்கள். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை கொதிக்க வேண்டும், அவசரப்பட்டு இறக்கினால் அதில் இருக்கும் தண்ணீரே சாதத்தைக் கெடுத்துவிடும். காலையில் சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, ஆவி முழுதும் அடங்கிய பிறகுதான் கலக்கவேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து, அந்த நீர் திரும்பச் சாதத்தில் சொட்டும். ஊசிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

உங்கள் தயிர்சாதம் புளித்ததற்குக் காரணம், காலையிலேயே முழுத் தயிரையும் விட்டது. சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, ஒன்றேகால் லிட்டர் காய்ச்சிய பால் விட்டுப் பிசையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு சிறு கிண்ணம் தயிர் மட்டும் சேருங்கள். வழியிலேயே பால் உறைந்து, பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும்போது புதுத் தயிர்சாதமாக இருக்கும். உப்பைச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் வேண்டாம். வெயிலில் முதலில் கெடுவது தேங்காய்தான். மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், வறுத்த வடாம் போதும். தணலில் வாட்டிய வாழை இலையில் மடித்தால் இலை கிழியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், கைப்பைகளுக்குத் தடை. தொன்னையும் பாக்குமட்டைத் தட்டும் எடுத்துப்போங்கள். ஆனால் மக்கும் பொருள்தானே என்று அவற்றையும் தண்ணீரில் எறியக் கூடாது.

சமைக்காமல் போகிறவர்களுக்கு இரண்டு வழி. சைவம் என்றால் சிதம்பரம் ஊருக்குள் சாப்பிடுங்கள். மிளகு, சீரகம், நெய் மணக்கும் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் கிடைத்தால் விடாதீர்கள். அசைவம் என்றால் படகு ஏறும் முன்பே கரையில் சொல்லிவிட்டுப் போனால் திரும்புவதற்குள் தயாராக இருக்கும். மடவை, கொடுவா, இறால், சேற்று நண்டு இந்தப் பக்கத்துச் சரக்கு. நண்டைத் தூக்கிப் பார்த்து வாங்கவேண்டும். அளவுக்கு மேல் கனமாக இருந்தால் சதை உண்டு. ஓட்டின் அடிப்புறத்தை அழுத்தும்போது உள்ளே அமுங்கினால், அது சமீபத்தில் ஓடு கழற்றியது. சமைத்தால் தண்ணீராகப் போகும். விலையைச் சுத்தம் செய்யும் முன் எடைக்குப் பேசுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துப்போகிறேன். படகோட்டி "இது அலையாத்தி, அது சுரபுன்னை" என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது. எதைக் காட்டவேண்டும்? (மயிலாடுதுறை ஆசிரியர்)

பதில்: மூன்று மரங்களை மட்டும் நன்றாகக் காட்டினால் போதும்.

முதலில் வெண்கண்டல். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்பவை அதன் மூச்சு வேர்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு இவை வழியாகத்தான் காற்று போகிறது. வெயில் ஏறிய பிறகு இலையை உற்றுப் பார்த்தால் மேலே பொடி உப்பு மினுங்கும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கடல் உப்பேதான். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றும் மரம் அது. ஒரு மாணவர் இதைச் செய்து பார்த்துவிட்டால் பாடப்புத்தகத்தில் படிப்பது மறக்காது.

அடுத்தது சுரபுன்னை. பந்தலுக்குக் கால் நட்டதுபோல் வளைந்து ஊன்றிய வேர்கள். கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைக் காய் என்று நினைப்பார்கள். விதை மரத்திலேயே முளைத்து, அந்த முளை நீண்டு தொங்குகிறது. விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்துபோய் வேறிடத்தில் வேர் பிடிக்கும். இந்த இனத்தில் ஓர் இயற்கைக் கலப்பினம் இங்கே கண்டறியப்பட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் 'ரைசோபோரா அண்ணாமலயானா' என்று அழைக்கப்படுகிறது.

மூன்றாவது, ஊருக்கே பெயர் கொடுத்த தில்லை. சிதம்பரத்தின் தல விருட்சம் இதுதான். கோயிலைச் சுற்றி இருந்த தில்லை வனம் போய்விட்டது; மரத்தைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும். ஆனால் யாரும் கிள்ளக் கூடாது. வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உப்பு ருசி பார்க்கும் முன் அது வெண்கண்டல்தான் என்று படகோட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: சில இடங்களில் பெரிய வாய்க்காலிலிருந்து மீன்முள் போல நேர்நேராகக் கிளை வாய்க்கால்கள் பிரியும். அவை இயற்கை அல்ல. முன்பு காட்டை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் காய்ந்து தாழ்ந்து, தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் போனது. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து அந்த வாய்க்கால்களை வெட்டி, ஏற்ற நீர் வந்து போக வழி செய்து, கன்று நட்டார்கள். 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. காட்டுக்கு முன்னால், கடலோர மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் பெரும் அழிவைச் சந்தித்தது. பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: முத்துப்பேட்டைக்கும் இதே திட்டம் ஒத்துவருமா? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: வராது. அதுவும் அலையாத்திக் காடுதான், ஆனால் வேறு வகைப் பயணம். முன்கூட்டியே வனத்துறை அனுமதி பெற்று, ஜாம்புவானோடையிலிருந்து கோரையாறு வழியாகப் போகவேண்டும். பிச்சாவரம் போலச் சந்து சந்தாக இருக்காது. ஆற்றின் இரு கரையிலும் காடு, முடிவில் கண்ணுக்கெட்டிய தூரம் நீர் விரிந்த காயல். ஆழம் குறைந்த காயல் என்பதால் ஏற்றக் கணக்கு இங்கே இன்னும் முக்கியம். வழியில் ஒன்றும் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீரும் கட்டுச்சாதமும் கட்டாயம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (பாபநாசம் வாசகர்)

பதில்: தையும் மாசியும். வலசைப் பறவைகள் இருக்கும், வெயில் பொறுக்கும். சித்திரை, வைகாசியில் போவதானால் காலை ஒன்பதரைக்குள் படகை முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் படகை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் வண்டிக்கு முன்பணம் கொடுக்கும்போதே, படகு ஓடாவிட்டால் தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.