உமிச் சாம்பலும் கரும்புச் சக்கைப் பலகையும்: எதை, எங்கே போடலாம்?

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு 30 வருடப் பழைய வீடு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறையில் பகலில் உட்கார முடியவில்லை. ஷீட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டு, அறையை இரண்டாகத் தடுக்க நினைக்கிறேன். செங்குன்றம் ரைஸ் மில்லில் உமிச் சாம்பல் சும்மாவே கிடைக்கும், சிமெண்டில் பாதியைக் குறைத்துவிட்டு அதைக் கலக்கலாம் என்கிறார் மேஸ்திரி. தடுப்புக்குக் கரும்புச் சக்கைப் பலகை போதும் என்கிறான் மகன். கீழே ஹாலிலும் அதையே போடலாமா? மழைக்காலத்தில் கீழே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வரும்.

பதில்: பலகை விஷயத்தில் மாடிக்கு மகன் சொல்வது சரி, கீழ் ஹாலில் தண்ணீர் தொடும் உயரத்துக்கு வேண்டாம். மேஸ்திரியின் யோசனையைத் தளத்துக்குக் கண்டிப்பாக ஒத்துக்கொள்ளாதீர்கள். உமிச் சாம்பல் நல்ல பொருள்தான். ஆனால் அவர் சொல்லும் சாம்பல் வேறு, கட்டுமானத்துக்கு ஆகும் சாம்பல் வேறு.

நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சிமெண்ட் தண்ணீர் பட்டு இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு தனியே பிரிந்து நிற்கும், அதனால் பலம் எதுவும் கூடுவதில்லை. சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பசையாகி நுண்துளைகளை அடைக்கும். பக்கத்துக் காசிமேட்டுக் கடற்காற்றில் வரும் உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதற்கு இது நல்ல தடுப்பு. தரமான உமிச் சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்க்க கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-ஏ இடம் தருகிறது.

அதற்கு, சுமார் 700 டிகிரிக்கு மேல் போகாமல் எரித்து, சிமெண்ட் போல நைசாக அரைத்த சாம்பலாக இருக்க வேண்டும். மில் பாய்லரில் அள்ளும் சாம்பலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கன்னங்கரேலென்று இருக்கும், உமியின் வடிவம்கூடப் பாதி கலையாமல் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் கரித்தூள் மேலே மிதக்கும். இந்தக் கரி தண்ணீரை உறிஞ்சும். கலவை கெட்டியாகிவிட்டதே என்று சித்தாள் இன்னொரு வாளி ஊற்றுவார், பலம் அங்கேயே போய்விடும். அதிக வெப்பத்தில் எரிந்த சாம்பலோ சுண்ணாம்போடு சரியாக வினை புரியாது, அதன் தூசி நுரையீரலுக்கும் கேடு.

அப்புறம் இன்னொன்று. உங்கள் சிமெண்ட் மூட்டையில் பிபிசி என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே கலந்திருக்கும். அதிலும் பாதியைக் குறைத்தால், சாம்பல் அதிகம் கலந்த மூட்டையானால் உங்கள் தளம் மூன்றில் ஒரு பங்கு சிமெண்டை நம்பி நிற்கும்படி ஆகிவிடும். உமிச் சாம்பல் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் சாம்பல் கலக்காத சிமெண்டான ஓபிசி வாங்கி, அரைத்துச் சோதித்த சாம்பலை 10 முதல் 15 சதவீதம் மட்டும், இன்ஜினியர் கியூப் (சோதனைக் கட்டி) வார்த்து பலத்தைப் பார்த்த பிறகு சேர்க்கலாம். ஒரே ஒரு அறைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. கடற்காற்று நேரே படும் இடத்தில் எம்30 என்ற பலத் தரமுள்ள கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) வைப்பதுதான் முக்கியம்.

உண்மையில் கான்கிரீட் தளமே வேண்டுமா என்று யோசியுங்கள். இப்போதுள்ள ஷீட் சதுர அடிக்கு ஒன்றரை கிலோ இருந்தால் அதிகம். 5 அங்குலத் தளம் கிட்டத்தட்ட 30 கிலோ வரும். 30 வருடச் சுவரும் அஸ்திவாரமும் அதைத் தாங்குமா என்று ஸ்டிரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் செண்ட்ரிங் அடிக்க விடாதீர்கள்.

வெக்கை குறையத்தான் வேண்டும் என்றால், ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கீழே அரை அடி இடைவெளி விட்டுத் தென்னை நார்ப் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போடுங்கள். இரண்டு முனையிலும் வலை அடித்த காற்றுத் துளை வைத்தால் சூடு வெளியேறும், எலியும் வராது. நாருக்குள் சிக்கி நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. சிலர் சீலிங்குக்கு மேலே உமியைக் கொட்டச் சொல்வார்கள். எடை குறைவுதான், சூட்டையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் பூச்சியும் எலியும் குடியேறும், ஷீட் ஒழுகினால் ஊறிப்போகும். வீட்டுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

தடுப்புச் சுவருக்கு வருவோம். சக்கைப் பலகையை நான் முழு மனதோடு சொல்வதற்குக் காரணம் எடை. நாலரை அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு சேர்த்து சதுர அடிக்கு 25 கிலோ வரும். சட்டத்தின் இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் பலகை அடித்தால் இரண்டு, இரண்டரை கிலோ. 90 சதுர அடித் தடுப்பில் மட்டும் உங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு டன் சுமை மிச்சம். கரும்புச் சக்கை ஆலையின் கொதிகலனில் எரிந்துபோகாமல் இப்படிச் சுவரானால் எனக்குச் சந்தோஷம்.

வாங்கும்போது கரையான் மருந்து ஏற்றியதா, பசை, ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாக வெளிவரும் ஈ1 தரமா என்று கேளுங்கள். மலிவான பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாடை வந்துகொண்டே இருக்கும், பூட்டிய அறையில் கண் எரியும். கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கனத்தை அளந்து, ஒரு ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் 12 மில்லிமீட்டர் 14 ஆகியிருந்தால் அந்தப் பலகை வேண்டாம். வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றையும் பிரைமர் அடித்து மூடுங்கள், ஈரம் முதலில் அங்கேதான் ஏறும். அடிச்சட்டத்தைத் தரையில் உட்கார வைக்காமல் ஒரு வரி செங்கல் மேல் வையுங்கள்.

கீழே ஹாலில் மூன்று அடி உயரம் வரை சாம்பல் கல் (ஃப்ளை ஆஷ் செங்கல்) கட்டுங்கள். அது வயல் கழிவு இல்லை, உங்கள் பக்கத்து அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் கழிவு. கொசஸ்தலையாற்றில் போய்ச் சேரும் சாம்பல் கொஞ்சமாவது சுவருக்குள் போகட்டும். அதற்கு மேலே வேண்டுமானால் சக்கைப் பலகை போடலாம்.

ஷீட்டைக் கழற்றும் முடிவுக்கே வந்தால், பழசாகி உதிரும் ஷீட்டை உடைக்கவோ, அறுக்கவோ, துளை போடவோ கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர்கள் துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95-ம் போதாது, பி100 அல்லது எஃப்எஃப்பி3 தர முகக்கவசம் வேண்டும். அன்று வயதானவர்களும் குழந்தைகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.