தவளை முட்டைக்குள் செல்கள் எப்படி இடம் மாறுகின்றன? அவற்றை யார் தள்ளுகிறார்கள்?

பிளஸ் டூ படித்தபோது எனக்கும் இதே சந்தேகம்தான். புத்தகத்தில் ஒரு வட்டம், நாலு அம்புக்குறி, ‘செல்கள் உள்நோக்கி நகர்கின்றன’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். ஐப்பசி மழை கொட்டிய ராத்திரி முழுக்க வயலில் தவளைச் சத்தம். விடிந்ததும் வரப்போரத் தண்ணீரில் முட்டைகள் கிடந்தன. மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெள்ளை, சுற்றிலும் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழவழப்பு. கண்ணாடி டம்ளரில் அள்ளிவந்து, தூக்கிப் பிடித்து அடியிலிருந்து லென்ஸில் பார்த்தேன். காலையில் அகலமாகத் தெரிந்த வெள்ளை வட்டம் மத்தியானத்துக்குள் ஊசிமுனைப் பொட்டாகிவிட்டது. முட்டையோ துளிகூடப் பெருக்கவில்லை. (அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மோர் குடிக்கிற டம்ளராச்சே என்று அப்பாயி கொல்லையில் கொட்டிவிட்டாள்.)

அந்த வெள்ளை எங்கே போனது என்பதுதான் உங்கள் கேள்விக்கும் பதில்.

ஆய்வகங்களில் அதிகம் பார்க்கப்பட்டது ஸெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளை. அதன் முட்டை ஒன்றேகால் மில்லிமீட்டர் இருக்கும். கருவுற்ற ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகப் பிளக்கும், அப்புறம் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு தடவை. பத்து மணி நேரம் போனால் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்த பந்து. மேல்பாதிக்குள் நீர் நிறைந்த ஒரு குழி.

இடமாற்றம் இந்தக் கட்டத்தில் தொடங்குகிறது. முதுகாகப் போகிற பக்கத்தில் சில செல்கள் தங்கள் வெளிமுகத்தை மட்டும் இறுக்கிக்கொள்கின்றன, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி. அந்த இடம் குழிந்து ஒரு உதடு உண்டாகிறது. வெளியே இருந்த செல்கள் அந்த உதட்டில் மடிந்து உள்ளே போகின்றன. மதகுப் பக்கம் சுழி பார்த்திருப்பீர்களே, சுழி இருக்கும், அதில் சுற்றுகிற தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். உதடும் அப்படித்தான். உள்ளே போனவை குழியின் கூரையில் ஒட்டியிருக்கும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைப் பற்றி ஊர்கின்றன. வெளியே கறுப்புச் செல்கள் அடுக்கு மெலிந்து கீழே பரவி, வெள்ளையை மூடிவிடுகின்றன.

இந்த உதடு சாதாரணப்பட்டதல்ல. ஜெர்மன் விஞ்ஞானிகள் ஹான்ஸ் ஸ்பேமனும் ஹில்டா மாங்கோல்டும் அதை வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள்; முடிவை 1924-ல் வெளியிட்டார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு முதுகு, மூளையும் தண்டுவடமுமாகப் போகிற நரம்புக்குழாயோடு உருவானது. (தவளையில் இல்லை, அதன் உறவான, பல்லி மாதிரி வாலுள்ள நியூட்டில்.) 1935-ல் ஸ்பேமனுக்கு நோபல் கிடைத்தது. ஹில்டா 1924-லேயே தீ விபத்தில் இறந்துவிட்டார்.

சரி, தள்ளுவது யார்? சுருக்குப்பைச் செல்கள்தான் எல்லாவற்றையும் இழுக்கின்றன என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உதடு உண்டான பிறகு அவற்றை அகற்றினாலும் மற்றவை பெரும்பாலும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பெரிய வேலை நடப்பது முதுகுப்பக்கச் செல்களில். கல்யாணப் பந்தியில் நாலு வரிசைக்காரர்களும் ஒருவருக்கொருவர் நடுவே இடித்துப் புகுந்து இரண்டே வரிசையானால் என்ன ஆகும்? பந்தி ஒடுங்கும், நீளம் இரட்டிப்பாகும். செல்கள் பக்கத்துச் செல்லைப் பிடித்து இழுத்துச் செய்வது இதைத்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டி உப்புக் கரைசலில் தனியே போட்டாலும், தள்ள ஆளில்லாமலே அது பாட்டுக்கு ஒடுங்கி நீள்கிறது.